சென்டோசா: டிக்கெட் கிழிக்காத பக்கம்

போன வாரம் ரெண்டு பதிவு படிச்சேன். ஒண்ணு, "ஒரே நாளில் சென்டோசா" ரகம். எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்த ரைடுக்கு எவ்வளவு, எதையும் எதையும் சேத்து வாங்கினா எவ்வளவு மிச்சம், எங்க நின்னா போட்டோ நல்லா வரும். இன்னொண்ணு அதுக்கு நேரெதிர். சிங்கப்பூர்ல எல்லாரும் சொல்லித் தேஞ்சுபோன பழைய ஜோக்கை எடுத்துத் தலைப்பாவே வச்சிருந்தார் நண்பர்: "சோ எக்ஸ்பென்சிவ் அண்ட் நத்திங் டு ஸீ ஆல்சோ". காசும் போச்சு, பார்க்கவும் ஒண்ணுமில்லைங்கறார். ரெண்டு இடத்துலயும் பின்னூட்டத்துல ஒரே கும்மி.

ரெண்டு பேர் மேலயும் எனக்கு மரியாதை உண்டு. ஆனா ரெண்டும் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க ராத்திரி வந்து படிங்க.

முதல்ல ஒரு வாக்குமூலம். ஒரே நாள் பட்டியல் போட்டு ஆளை இழுத்துட்டு ஓடற பாவத்தை நானே செஞ்சிருக்கேன். ஊர்லேர்ந்து பெரியப்பா வந்திருந்தார். கும்பகோணம் பக்கம் அரசு பஸ்ல முப்பது வருஷத்துக்கு மேல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். ப்ளேன் ஏறினதே அதுதான் முதல் தடவை. மனுஷனுக்கு எல்லாத்தையும் காட்டிடணும்னு வெறி எனக்கு. காலைல மவுண்ட் ஃபேபர்லேர்ந்து கேபிள் கார், அப்புறம் மீன் காட்சியகம், அப்புறம் ஒரு ரைடு, அப்புறம் இன்னொரு ரைடு, ராத்திரி ஒரு ஷோ. அவர் விலை கேக்கும்போதெல்லாம் "அதெல்லாம் நீங்க கேக்கப்படாது பெரியப்பா"ன்னு பெரிய மனுஷன் மாதிரி சிரிச்சேன். மீன் காட்சியகத்துல மட்டும் கொஞ்சம் முகம் மலர்ந்துது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஆளுயரத்துக்குப் போன ஒரு மீனைக் காட்டி, "நம்ம ஊர் மார்க்கெட்ல இது கிலோ என்ன போகும்டா?"ன்னு கேட்டார். பின்னாடி நின்ன ஒரு சேலத்துக் குடும்பம் சிரிச்சுது.

சாயங்காலம் பீச் ஓரமா பெஞ்சுல உக்காந்தோம். பெரியப்பா சட்டைப் பையிலேர்ந்து அன்னிக்குக் கிழிச்ச டிக்கெட், ரசீது எல்லாத்தையும் எடுத்தார். எல்லாத்தையும் நேரப்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தார். பழக்கதோஷம். உதட்டுக்குள்ளயே கூட்டி, ரூபாய்க்கு மாத்தி, "என் கடைசி மாசச் சம்பளத்தை விடக் கூட வருதேடா"ன்னார். திட்டல, சிரிக்கவும் இல்ல. திரும்பி வர்ற ரயில்ல ஒரு வார்த்தை பேசல. தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அவ்வ்வ்வ்.

இதுல சென்டோசாவைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. அங்க யாரும் என் கையை முறுக்கி வாங்கச் சொல்லல. அவருக்கு எது பிடிக்கும்னு யோசிக்காம பட்டியலைப் பார்த்து ஓடினவன் நான்தான். அந்தப் பட்டியல் எங்கேர்ந்து வந்துது? நம்ம பதிவுகள்லேர்ந்துதான் மக்களே. நீங்களும் நானும் எழுதி வச்சது.

சரி, அந்தப் பட்டியலாவது நிக்குமா? எங்க வீட்டு ஆல்பத்துல 2006ல எடுத்த போட்டோ இருக்கு, கல்யாணமான புதுசு. பின்னாடி 37 மீட்டர் உயர மெர்லயன் சிலை. அது 2019ல மூடி இடிச்சாச்சு. அந்த இடத்துல 2024ல சென்ஸரிஸ்கேப்னு ஒரு நடைபாதைத் தோட்டம் திறந்தாங்க. இன்னொரு போட்டோல மியூசிக்கல் ஃபவுண்டன், 2007ல போயிடுச்சு. இளஞ்சிவப்பு டால்ஃபின் இருந்த அண்டர்வாட்டர் வேர்ல்ட் 2016ல மூடினாங்க. 1982லேர்ந்து ஓடின மோனோரயில் நாங்க போறதுக்கு முன்னாடியே, 2005ல நின்னுபோச்சு. மொத்தத்துல அந்த ஆல்பத்துல இன்னிக்கும் மிச்சம் இருக்கறது நானும் தங்கமணியும்தான். அதுலயும் என் தலைமுடி கிடையாது :-)

அப்ப, இந்தத் தீவுல ரைடைப் பத்தி எழுதற எதுவும் பத்து வருஷம் தாங்காது. அதைத்தான் நாம மாத்தி மாத்தி எழுதிட்டிருக்கோம். தாங்கறது எதுவோ அதுக்கு ஒரு வரி கிடையாது.

பேர்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். சென்டோசாங்கறது மலாய்ல அமைதி, நிம்மதி. மூலம் வடமொழி 'சந்தோஷ', நம்ம சந்தோஷமேதான். ஆனா இது 1970கள் தொடக்கத்துல வச்ச பேர். அதுக்கு முன்னாடி இந்தத் தீவு புலாவ் பிளாக்காங் மாத்தி. 'பிளாக்காங்'னா முதுகு, பின்பக்கம். 'மாத்தி'ன்னா சாவு. ஏன் அப்படி ஒரு பேர்னு ஆளுக்கொரு கதை சொல்றாங்க, அதை விடுங்க. பிரிட்டிஷ்காரன் துறைமுகத்தைக் காக்க இங்க கோட்டைகள் கட்டி, பீரங்கி வச்சான். சுதந்திரத்துக்கு அப்புறம் பட்டாளம் காலி பண்ணிட்டுப் போனதும், சுற்றுலாத் தீவா ஆக்கலாம்னு முடிவாகி, 1972ல அதுக்குன்னு ஒரு கழகம் அமைச்சாங்க. சாவை எடுத்துட்டு சந்தோஷத்தை வச்சாங்க. பேர் வைக்கறதுல தப்பில்ல. பழைய பேர் ஏன் மாறிச்சுன்னு வர்றவனுக்கு யாராவது சொல்லணும்ல?

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்துது. அதுக்கப்புறம் நடந்த சூக் சிங் களையெடுப்புல சீன ஆண்களை லாரி லாரியா ஏத்திட்டுப் போய்ச் சுட்டுக் கொன்னாங்க. பிளாக்காங் மாத்தி கரையில குண்டு பாய்ஞ்ச உடல்கள் ஒதுங்கிச்சு. சுமார் 300. சாங்கி சிறைமுகாமுக்குப் போகக் காத்திருந்த பிரிட்டிஷ் கைதிகள்தான் அதையெல்லாம் புதைச்சாங்க. நாம பீச் வாலிபால் ஆடறது அதே தீவோட கரையிலதான். ஆடுங்க, நானும் ஆடியிருக்கேன். தெரிஞ்சு ஆடுங்கன்னுதான் சொல்றேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பெரியப்பாவை மறுபடி கூட்டிட்டுப் போனேன். "இன்னொரு தடவையா? வேணாம்டா"ன்னார். "இன்னிக்கு நடந்து போறோம்"னு சொன்னேன். விவோசிட்டி பக்கத்துலேர்ந்து போர்ட்வாக், 2011ல திறந்தது. நடந்து போறவங்களுக்குக் காசு கிடையாது. ரயில்ல உள்ள போனாத்தான் காசு, திரும்பி வர அதுக்கும் கிடையாது. தீவுக்குள்ள ஓடற பஸ், பீச் ஓரமா போற வண்டி எல்லாம் இலவசம். இதை எத்தனை பயணப் பதிவுல படிச்சிருக்கீங்க? பெரியப்பா பஸ்ல ஏறினதும் கண்டக்டரைத் தேடினார். இல்லைன்னதும், டிரைவர் பாக்காம இருக்கமாட்டானான்னு பயந்து, இறங்கற வரைக்கும் நிமிர்ந்தே உக்காந்திருந்தார். முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனைப் பிடிச்ச மனுஷன்!

போனது தீவோட மேற்கு முனையில இருக்கற ஃபோர்ட் சிலோசோவுக்கு. 1880கள்ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை. 2022 பிப்ரவரி 15, அதாவது சிங்கப்பூர் விழுந்து சரியா 80 வருஷம் ஆன அன்னிக்கு, தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க. 11 மாடி உயரத்துக்கு லிஃப்ட்ல ஏறினா 181 மீட்டர் நீளத்துக்கு மரங்களுக்கு மேலயே ஒரு நடைபாலம் கோட்டைக்குக் கொண்டுபோய் விடும். கீழ காடு, அந்தப்பக்கம் கடல், வரிசையா கப்பல். பாலத்துக்கும் காசில்ல, கோட்டைக்குள்ள நுழையவும் காசில்ல. "பார்க்க ஒண்ணுமில்ல"ன்னு எழுதின நண்பா, கேக்குதா?

பீரங்கி பக்கத்துல நின்னுட்டு பெரியப்பா கேட்டார், "இவ்வளவு பெருசை வச்சுக்கிட்டா தோத்தான்?" பீரங்கி எல்லாம் கடலைப் பார்த்து இருந்துது, ஜப்பான்காரன் மலேயா வழியா தரையில வந்துட்டான், அதனால தோத்தாங்கன்னு நானும் பல வருஷம் சொல்லிட்டிருந்தேன். முழுசா சரியில்ல. நிறைய பீரங்கிகளைத் தரைப்பக்கம் திருப்ப முடிஞ்சுது, திருப்பிச் சுடவும் செஞ்சாங்க. சிக்கல் குண்டுல. கையிருப்புல பெரும்பாலும் கப்பலோட இரும்புத் தகட்டைத் துளைக்கற ரகம். அது மண்ணுல புதைஞ்சு வெடிச்சா, பரவலா ஓடி வர்ற காலாட்படைக்கு அவ்வளவா சேதம் இல்ல. பெரியப்பா தலையாட்டினார். "பஸ் இருக்கு, ரூட்டு தப்பு"ன்னார். இதைவிட நச்சுனு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன்.

சியா தை போன்னு ஒருத்தர். நன்யாங் பல்கலைக்கழகத்துல இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர், பாரிசான் சோசியலிஸ் கட்சியோட ஜூரோங் எம்.பி. 1966 அக்டோபர்ல உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துல பிடிச்சாங்க. வழக்கு இல்ல, விசாரணை இல்ல, தீர்ப்பு இல்ல. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்னு அரசாங்கம் சொன்னுது. இல்லவே இல்லைன்னு அவர் கடைசி வரைக்கும் மறுத்தார். ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா விடறோம்னா, செய்யாததை எப்படி ஒத்துக்கறதுங்கறதுதான் அவர் நிலை. 23 வருஷம் ஓடிச்சு. 1989 மே மாசம் சிறையிலேர்ந்து விட்டாங்க. எங்க? சென்டோசாவுல. ஒரு ரூம் மட்டும் இருக்கற பழைய காவல் வீட்டுல. தீவை விட்டுப் போகக்கூடாது. விடுதலை ஆயிட்டார்ங்கறதால அந்த ரூமுக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அவரே கட்டணும்னு கணக்கு. 1992லதான் திரும்ப நகரத்துல குடியிருக்க விட்டாங்க. மிச்சக் கட்டுப்பாடெல்லாம் நீங்க 1998 நவம்பர் ஆச்சு.

யோசிச்சுப் பாருங்க. கேபிள் கார் ஓடுது, மோனோரயில் ஓடுது, ராத்திரியானா ஃபவுண்டன்ல பாட்டு, சுத்தி ஐஸ்க்ரீம் கையோட குழந்தைங்க. அதுக்கு நடுவுல ஒரு மனுஷன் காவல்ல இருக்கார். உலகத்துல எந்த பொழுதுபோக்குப் பூங்காவுல இப்படி ஒரு அயிட்டம் இருந்திருக்கு? அன்னிக்கு முழுக்க நான் சுத்தினேன், என் கண்ணுல இதைச் சொல்ற ஒரு பலகை படல. மெழுகு பொம்மைகள் பார்த்தேன். பிரிட்டிஷ்காரன் சரணடையறான், அப்புறம் ஜப்பான்காரன் சரணடையறான். நல்லா செஞ்சிருக்காங்க, பாராட்டணும். ஆனா 1945லேர்ந்து கதை நேரா ரைடுக்குத் தாவிடுது.

இதை எழுதறேன்னு சொன்னதும் இங்கேயே இருக்கற பதிவுலக நண்பர் போன் பண்ணார். "பொட்டி தட்ட வந்தோமா போனோமான்னு இருய்யா, ஏன் வம்பு? பயணப் பதிவுல எதுக்கு அரசியல்?" அக்கறையாத்தான் சொன்னார். ஆனா நான் ஒண்ணும் ரகசியத்தைத் தோண்டல. எல்லாம் பேப்பர்ல வந்தது, புத்தகத்துல இருக்கறது. அதைத் தமிழ்ல சொல்லக்கூட நமக்குக் கைநடுங்குதுன்னா, அப்புறம் வலைப்பதிவுன்னு ஒண்ணு எதுக்கு? காம்போ டிக்கெட் விலை சொல்ல விளம்பர நோட்டீஸ் போதுமே.

"குழந்தைங்களை வச்சுக்கிட்டு கோட்டையும் கைதியும் எப்படிய்யா காட்டறது?"ன்னு கேப்பீங்க. நியாயம். ரைடுக்குக் கூட்டிட்டுப் போங்க, அதுங்க சந்தோஷம் முக்கியம். என் பொண்ணு இன்னும் அந்த தண்ணி சறுக்கைத்தான் பேசறா. ஆனா ஊர்லேர்ந்து வர்ற பெரியவங்களுக்கும் அதே பட்டியலைத் திணிக்கறோமே, அதைத்தான் நிறுத்தச் சொல்றேன். அவங்க பயந்து பயந்து உக்காந்துட்டு, நம்ம காசு போகுதேன்னு மனசுக்குள்ள கூட்டிக்கிட்டே வராங்க. அவங்ககிட்ட ஒரு கதை சொல்லி, கூட நடந்து, நிழல்ல உக்காந்து கொண்டுபோன புளிசாதத்தைப் பிரிச்சா போதும்.

நாங்க அதைத்தான் செஞ்சோம். பாலத்துல திரும்பி வரும்போது சியா தை போ கதையை பெரியப்பாவுக்குச் சொன்னேன். நடுவுல பேசவே இல்ல. முடிச்சதும் கொஞ்ச தூரம் நடந்தார். அப்புறம், "வாடகை வேற கேட்டானுங்களா?"ன்னார். இன்னும் கொஞ்ச தூரம் போய், அதையே மறுபடியும் கேட்டார்.

லிஃப்ட்டுக்குக் கிட்ட வந்ததும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துட்டு நின்னுட்டார். "ஏன்டா, இந்தக் கோட்டைக்கு டிக்கெட்டே கிடையாதா? ஊர்ல போய்க் காட்ட ஒண்ணு வேணுமே."

டிஸ்கி: ஜோக் பதிவு எழுதின நண்பர் அடுத்த மாசம் சிங்கை வர்றார். புளிசாதம் நம்ம பொறுப்பு. ஷூ போட்டுட்டு வாங்க, நிறைய நடக்கணும்.