சாரலுக்கு முன் ஏழு நாள்

பண்பொழி என்ற பெயர் ‘பைம்பொழில்’ தேய்ந்து வந்தது என்பார்கள். பைம்பொழில் என்றால் பச்சைத் தோப்பு. உள்ளூர்க்காரர்கள் அதையும் தேய்த்து ‘பம்புளி ஒண்ணு’ என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்குவார்கள். மேலே திருமலைக்கோவில் முருகன், கீழே மா, தென்னை, நெல்.

மே கடைசி வாரம் லீவு போட்டு இந்தப் பக்கம் ஊருக்குப் போகும் இளைஞர்களே, உஷார்! குற்றாலத்தில் குளிக்கும் கனவோடு பை கட்டுவீர்கள். வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் உத்தியோகம் வேறு: மொட்டைமாடியில் காக்கா விரட்டுவது.

காரணம் சாரல். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் ஆரம்பிக்கும். அந்தக் காற்று ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் புகுந்துவிட்டால் ஊருக்கெல்லாம் சீசன் குஷி. மாடியில் வத்தல் காயப் போட்டவர்களுக்கு மட்டும் அடிவயிற்றில் புளி. 2025-ல் மழை மே 24-ம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. எட்டு நாள் முந்தி! வருஷத்துக்கான வத்தலை யாரைக் கேட்டுக் காய வைப்பது?

திங்கள்: கூழ்வத்தல். விடியுமுன் அரிசி மாவைக் கிண்டி, பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து, பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டும். வேட்டி அப்பாவுடையது. அவரிடம் அனுமதி கேட்கும் பழக்கம் கிடையாது. மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் சமர்த்தாக உரிந்து வரும். தெளிக்காமல் பிய்த்தால் வேட்டியும் வரும்.

செவ்வாய்: மோர் மிளகாய். கீறிய மிளகாய்க்குப் பகலில் வெயில், ராத்திரி புளித்த மோரில் வாசம். மூன்று நான்கு நாளைக்கு இந்த ஷிப்ட் டியூட்டி. உப்பு உள்ளே இருக்கும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும்; வெயில் அதைக் கொண்டுபோகும். தண்ணீர் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பிழைப்பு இல்லை. ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் டப்பாவுக்குள் பூசணம் நிச்சயம்.

புதன்: தோட்டம். பப்பாளியிலும் செம்பருத்தியிலும் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக ஏதோ இருக்கிறதே, அது மாவுப்பூச்சி. உடனே கடைக்கு ஓடி, இருப்பதிலேயே காட்டமான மருந்தைக் கேட்காதீர்கள். அதற்கு ஒரு கதை உண்டு. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி ஒன்று 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்தாக அடித்துத் தீர்த்தார்கள். அதன் மேலிருந்த மெழுகுப் பூச்சு மழைக்கோட்டு மாதிரி. மருந்து வழிந்து போயிற்று. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி, மாவுப்பூச்சிக்குள் முட்டை இடும். குஞ்சு உள்ளேயிருந்தே சாப்பிட்டு முடிக்கும். லாரி லாரியாக மருந்து செய்யாததை அது செய்தது. காட்டமான மருந்து முதலில் கொல்வது இந்தக் குளவியைத்தான். நமக்கு லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் போதும்.

வியாழன்: மாங்காய் வத்தல். விழுந்த பழங்களைப் பொறுக்கிவிடுங்கள். உள்ளே நெளிகிற புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, பழ ஈயாக எழுந்து வரும். ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். தோண்டுவதும் நீங்கள்தான்.

வெள்ளி: தென்னை. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள், கீழ் ஓலையில் கரி அப்பினாற்போல் கறுப்பு. 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் பார்த்த சுருள் வெள்ளை ஈயின் கைவரிசை இது. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினால் வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கும் ஒரு குளவி உண்டு. ஆகவே இங்கேயும் மருந்துக் கடைக்கு லீவு.

சனி: பண்பொழி, வடகரை, மேக்கரைத் தோப்புக்காரர்களிடம் பூச்சியைப் பற்றிப் புலம்பிப் பாருங்கள். சிரிப்பார்கள். அவர்களுக்கு மலையிலிருந்து இறங்கி வருவது யானை. ஒரே ராத்திரியில் தென்னையைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். லிட்டருக்கு எத்தனை மில்லி என்று அதற்கு யாரும் சொல்ல முடியாது.

ஞாயிறு: பங்கு பிரிப்பு. ‘இது மெட்ராஸுக்கு, இது பெங்களூருக்கு’ என்று ஆச்சி பொட்டலம் கட்டுவாள். ஒரு காலத்தில் நாலு மருமகள்களும் ஏழெட்டுப் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து செய்த வேலை. இப்போது சாப்பிடுகிறவர்கள் வெளியூரில். மாடிப்படி ஏறுகிறவள் எழுபதைத் தாண்டியவள். மேகம் கூடினால், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவளும் அவளே.

ஒரு காரியம் செய்யுங்கள். “எவ்வளவு உப்பு ஆச்சி?” என்று கேளுங்கள். “ரெண்டு கை போடு, எய்யா” என்பாள். அவள் கை வேறு, கம்ப்யூட்டர் தட்டுகிற உங்கள் கை வேறு. உப்புக் குறைந்தால் ஒரு வருஷத்துச் சரக்கும் போச்சு. ஆகவே அவள் கையால் அள்ளி ஒரு டம்ளரில் போடச் சொல்லி, அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மிளகாய்க்கு, மாங்காய்க்கு, கூழுக்கு என்று தனித்தனியாக. “இதெல்லாமா எழுதி வைப்பாக?” என்று அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். எழுதாமல் வந்தால் அடுத்த தலைமுறைக்குக் கடை பாக்கெட்தான் கதி.

சாயங்காலம் செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது பையை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். மோர் மிளகாய் வாசனைக்குக் கோச்சே திரும்பிப் பார்க்கும். அடுத்த மே மாதத்துக்கு இப்போதே லீவு சொல்லிவிடுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘காக்கா விரட்ட’ என்று எழுதினால் மேனேஜர் நம்ப மாட்டார். ‘பாட்டிக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஆச்சி நன்றாக இருக்கட்டும்.