நாற்பதுக்கு மேல் ஆடினால் என்ன?

நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் காலணி மாட்டிக்கொண்டு உடற்பயிற்சி வகுப்புக்குக் கிளம்பினால், நம் சமுதாயம் இன்னும் வாய்பொத்திச் சிரிக்கிறது. தொப்பை விழுந்த ஆண் ஒருவர் அங்கே போய்க் குதித்தால், “இந்த வயசுல இவருக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்கிறது. அதே மனிதர் இனிப்புநீரால் கால்விரலை இழந்து மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு எல்லாரும் பார்க்கப் போகிறோம். நாம் சிரிக்கும் இந்தச் சிரிப்பு நமக்கு மிகவும் விலை உயர்ந்தது என்பதே என் கருத்து.

சுகாதார அமைச்சு 2019-ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் நாட்டளவில் 50.1 விழுக்காடு, நம்மிடையே 63.9 விழுக்காடு. “பரம்பரை நோய், என்ன செய்ய முடியும்?” என்று கைவிரிப்போர் உண்டு. பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், பேராக்கில் வாழும் நமக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது.

1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதன் வழிவந்த மரங்களை நம்பித்தான் நம் பாட்டன் பாட்டிகள் இம்மாநிலத்தில் வாழ்ந்தார்கள். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் நிரை பிடித்து, நானூறு ஐந்நூறு மரங்களைச் சீவி, பாலைச் சேர்த்துக் காண்டாவில் சுமந்து வந்தவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்கு ஏற்பத்தான் தட்டில் சோறு குவிந்தது. தேநீரில் கட்டிப்பால் கலந்தது. பிறகு தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம் விட்டன. லயத்தில் பிறந்தவர்கள் ஈப்போவின் மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். நிரையும் காண்டாவும் தோட்டத்தோடு நின்றுவிட்டன. சோறும் கட்டிப்பாலும் மட்டும் நம்மோடு லாரி ஏறி வந்துவிட்டன.

இதைச் சொல்லும்போது, தோட்ட வாழ்க்கையே ஆரோக்கியமானது என்று சிலர் ஏக்கத்தோடு பேசத் தொடங்குவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அது கூலிக்காக உடம்பை வருத்திய வாழ்க்கை. முதுகும் முட்டியும் தேய்ந்தவர்களை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். அதனால்தான் அந்தத் தலைமுறைக்கும் அதன் பிள்ளைகளுக்கும், உடம்பை வருத்தாமல் உட்கார்ந்திருப்பதே வாழ்க்கையில் முன்னேறியதன் அடையாளமாகத் தோன்றுகிறது. அந்த மனத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால், முதலாளிக்காக வியர்ப்பது வேறு, தனக்காக வியர்ப்பது வேறு. நடுவயதில் உடம்பை மீட்பவர், தம் உழைப்பின் பலனைத் தாமே முதன்முறையாக வைத்துக்கொள்கிறார்.

“வீட்டு வேலையும் தொழிற்சாலை வேலையும் பயிற்சி இல்லையா?” என்ற கேள்வி எழும். பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நிற்பது களைப்பைத் தரும். ஆனால் இதயத்தையும் தசைகளையும் வலுப்படுத்தும் அளவுக்கு அவற்றைத் தூண்டுவதில்லை. நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது, அதைப் பெருமளவில் வாங்கிக்கொள்பவை தசைகளே. வேலை செய்யும் தசை, இன்சுலினின் துணை இல்லாமலேயே சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்ளும். வயது ஏற ஏற, பயிற்சி இல்லாத தசை சுருங்குகிறது. சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. எனவேதான் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சியோ வேண்டும் என்றதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மாலையில் மெல்ல நடந்து, முடிவில் ரொட்டி சானாய் கடையில் போய் உட்காருவது இந்தக் கணக்கில் சேராது.

இது வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கும் அன்று. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களிடையே, நீரிழிவு வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் மரபும் நம் சாப்பாடும் உள்ள மனிதர்களிடம் கண்ட உண்மை இது.

சரி, தனியாகச் செய்யலாமே, வகுப்பு எதற்கு? ஈப்போ போலோ திடலில் நடக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். முதல் வாரம் ஆர்வம், இரண்டாம் வாரம் மழை, மூன்றாம் வாரம் உறவினர் வீட்டுக் கல்யாணம், அதோடு முடிந்தது. வகுப்பில் அப்படியில்லை. ஒரு நாள் போகாவிட்டால், “ஏன்க்கா நேத்து வரல?” என்று கேட்க ஆள் இருக்கிறது. தனியாகச் செய்யும்போது மூச்சு வாங்கியதும் நின்றுவிடுகிறோம். பக்கத்தில் பத்துப் பேர் தொடரும்போது இன்னும் அரை நிமிடம் தாங்குகிறோம். பலன் அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

கடினம் என்றதும் அஞ்ச வேண்டாம். கடினம் என்பது அவரவர் அளவுக்கு. மூச்சு வாங்குவதால் ஒரே மூச்சில் சில சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை என்றால், அது அவருக்குக் கடுமையான பயிற்சி. இருபத்தைந்து வயதுக்காரர் குதிக்கும் இடத்தில் ஐம்பது வயதுக்காரர் காலை மாற்றி மாற்றி வைத்தால் போதும். இரத்த அழுத்தம், நீரிழிவு, நெஞ்சுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென இறங்கக்கூடும். அதைப் பயிற்றுநரிடம் சொல்லிவைப்பதில் வெட்கமில்லை.

என் அம்மாவையே சொல்கிறேன். பால்மரம் சீவியவரின் மகள், தொழிற்சாலை ஊழியர், வயது 48. கடைவீட்டு மாடியில் நடக்கும் வகுப்புக்கு வாரம் மூன்று நாள் போகிறார். ஒரு தடவைக்கு ஐந்து வெள்ளி. எட்டு மாதத்தில் எடை குறைந்தது மூன்று கிலோதான். கேலி செய்தவர்களுக்கு அது போதவில்லை. ஆனால், நான்காம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டையோடு நிற்காமல் ஏறி வருகிறார். தராசு காட்டாததை மாடிப்படி காட்டுகிறது.

எல்லாருக்கும் இந்த வாய்ப்பு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரம் பதினைந்து வெள்ளி சில குடும்பங்களுக்குப் பெரிய தொகை. ஆண்கள் நடுவில் குதிக்கக் கூசும் தாய்மார்கள் உண்டு. வேகமாக ஆங்கிலத்தில் கட்டளையிடும் பயிற்றுநரிடம் விழித்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. ஆனால், இவற்றுக்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. பேராக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஊருக்கு ஊர் கோயில் மண்டபங்கள் உள்ளன. கல்யாணம் இல்லாத நாள்களில் அவை பூட்டித்தான் கிடக்கின்றன. பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் மனம் வைத்தால், வாரம் மூன்று மாலை, ஒரு மணி நேரம் கதவைத் திறந்துவிட முடியாதா? திருவிழா அன்னதானத்திற்குச் செலவிடும் தொகையில் சிறு பங்கு, ஒரு பயிற்றுநரின் ஓராண்டு ஊதியத்திற்கு உதவாதா?

மொழிக்கழகத்துக்கும் இதில் வேலை உண்டு. தண்டால், பஸ்கி, தோப்புக்கரணம் என்ற சொற்கள் நம்மிடம் எப்போதோ இருக்கின்றன. பிள்ளையாருக்கு முன்னால் போடும் தோப்புக்கரணத்தைத்தானே இன்று வேறு பெயரில், காசு கட்டி, கண்ணாடி அறையில் செய்கிறார்கள்? தமிழில் கட்டளையிடும் ஒரு வகுப்பு இருந்தால், இதுவரை வராத அம்மாக்கள் வருவார்கள். நாம் விடுமுறையில் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தப் போகிறோம். பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முகாமில் அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு ஒதுக்குவோம். விளையாட்டு அறிவியல் படிக்கும் நண்பர்கள் வழிநடத்தட்டும். மருத்துவம் பயிலும் நண்பர்கள் இரத்த அழுத்தம் பார்க்கட்டும். மற்றவர்கள் அவர்களோடு சேர்ந்து ஆடட்டும்.

நம்மைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப உடம்பைத் தேய்த்தவர்கள் அவர்கள். பட்டமளிப்பு விழாவுக்கு அவர்கள் தங்கள் காலாலேயே படியேறி வர வேண்டும் அல்லவா?