பொம்மை டாங்கியின் காயங்கள்



டாங்கி பொம்மை செய்கிறீர்களா? போரில் அடிபட்டது போல் காட்டக் கண்ட இடத்தில் ஓட்டை போடாதீர்கள். ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் வேண்டும்.

1965 செப்டம்பரில், பஞ்சாபின் அசல் உத்தரில் நம் வீரர்கள் வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டனர். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் சிக்கின. கரும்புத் தோட்டத்தில் மறைந்திருந்து பக்கவாட்டில் சுட்டனர். ஜீப்பில் இருந்த பீரங்கியால் டாங்கிகளை அழித்து, உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது.

ஆகவே, சக்கரப் பட்டையில் சேறு அப்புங்கள். எங்கள் குச்சனூரில் சுரபி நதி வண்டல் உண்டு. உங்கள் ஊர் வாய்க்கால் மண்ணும் போதும், பசையில் குழையுங்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு துளை, சுற்றிலும் கரித்தூள். எரிந்த இடத்தில் மட்டும் துரு நிறம்.

அந்தத் துளைக்குள்ளே நாலைந்து பேர் இருந்தார்கள். எதிரி என்றாலும் அவர்களுக்கும் வீட்டில் அம்மா உண்டு. அதை நினைத்துச் செய்யுங்கள், செல்வங்களே!