அக்கா படித்தது ஸ்டார் ஆபீஸ்... தங்கை படிப்பது ஓப்பன் ஆபீஸ்... லேப்டாப்பில் இருப்பது லிப்ரே ஆபீஸ்!

பாளையங்கோட்டைப் பள்ளிகளில் பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'ஸ்டார் ஆபீஸ்' என்ற பெயர் உடனே ஞாபகத்துக்கு வரும். 2018-ல் வந்த பிளஸ் ஒன் புத்தகத்தில் அந்த இடத்தில் 'ஓப்பன் ஆபீஸ்' இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருந்தால், திறந்ததும் நிற்பது 'லிப்ரே ஆபீஸ்'. "புக்ல இருக்கிற பேரு இதுல இல்லையே?" என்று பிள்ளை கேட்டால், பல வீடுகளில் பதில் இருக்காது.

மூன்றும் ஒரே குடும்பம்தான். நடுவில் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது.

ஸ்டார் ஆபீஸ் ஜெர்மனியில் பிறந்த சாஃப்ட்வேர். 1999-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2000-ல் அதன் கோடை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்படி வந்ததுதான் ஓப்பன் ஆபீஸ். காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தமிழ் ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து அதன் மெனுக்களைத் தமிழாக்கினார்கள். தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் 2000-களின் பின்பாதியில் லினக்ஸ், ஓப்பன் ஆபீஸ் பக்கம் திரும்பியது.

2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. ஓப்பன் ஆபீஸும் கைமாறியது. ஒரே நிறுவனத்தின் முடிவை நம்பி இத்தனை பேர் உழைப்பை விட்டுவைக்கலாமா என்ற கவலை, அதில் வேலை செய்தவர்களுக்கு முன்பே உண்டு. 2010 செப்டம்பர் 28 அன்று அவர்களில் பலர் சேர்ந்து 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தார்கள். கோடின் ஒரு நகலை எடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள். இதற்குப் பெயர்தான் 'ஃபோர்க்'.

பக்குவம் பொது, பெயர்ப்பலகை தனி

நெல்லைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கோதுமைப் பால், சர்க்கரை, நெய்... அல்வாவின் பக்குவம் தெரிந்த மாஸ்டர் பழைய கடையை விட்டு வந்து எதிர்த்தெருவில் அடுப்பு வைக்கலாம். ஆனால், பழைய கடையின் பெயரைப் பலகையில் எழுத முடியாது. ஓப்பன் சோர்ஸிலும் அப்படித்தான். கோடு எல்லோருக்கும் சொந்தம். பெயர், அதைப் பதிவு செய்தவருக்குச் சொந்தம். பெயரைத் தரும்படி ஆரக்கிளிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. தற்காலிகமாக வைத்த 'லிப்ரே ஆபீஸ்' என்பதே நிலைத்துவிட்டது. புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் பழைய நிர்வாகக் குழுவிலிருந்து விலக வேண்டும் என்றும் ஆரக்கிள் தரப்பு சொன்னது. மறு வருஷமே ஓப்பன் ஆபீஸை அப்பாச்சி என்ற தொண்டு அமைப்பிடம் ஒப்படைத்தது.

இன்றைய நிலை? லிப்ரே ஆபீஸில் வருஷத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன. ஓப்பன் ஆபீஸின் 4.1 பதிப்பு 2014-ல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் அதற்கான திருத்தங்களே.

அடுப்பு வைத்தால் போதுமா?

கோடை நகலெடுக்க ஒரு நிமிஷம் போதும். அடுத்த நாள் காலையில்தான் நிஜமான கேள்வி வரும். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுப்பது யார்? அதற்கு விடை இல்லாத ஃபோர்க்குகள் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் 2012-ல் பெர்லினில் அறக்கட்டளையாகப் பதிவானது. தொடர்ந்து பங்களிப்பவர்கள் உறுப்பினராகலாம். நிர்வாகக் குழுவை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஆட்கள் குழுவை நிறைத்துவிடாதபடி வரம்பும் உண்டு. அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்து மெனுக்களைத் தமிழாக்கும் ஒருவர்கூட உறுப்பினராகி ஓட்டுப் போட வழி இருக்கிறது.

பிரிந்தவர்கள் மறுபடி சேர்ந்த கதையும் உண்டு. இன்ஜினீயரிங் மாணவர்கள் வெப்சைட் புரோகிராமிங்குக்குக் கற்கும் நோட் ஜேஎஸ், 2014-ல் ஜாயன்ட் என்ற நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. புதிய பதிப்புகள் தாமதமாகின்றன, முடிவுகளில் தங்களுக்குப் பங்கில்லை என்று முக்கியப் புரோகிராமர்கள் வருந்தினார்கள். அந்த வருஷக் கடைசியில் 'ஐஓ ஜேஎஸ்' என்று பிரிந்தார்கள். தொழில்நுட்பக் குழு அமைத்து, கூட்டக் குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். 2015 ஜனவரியில் முதல் பதிப்பு வந்தது. சில மாதங்களில் இரு தரப்பும் பேசி, பொதுவான ஓர் அறக்கட்டளையின் கீழ் ஒன்றானார்கள். செப்டம்பரில் வந்த நோட் 4.0 இரண்டும் கலந்த பதிப்பு. பிரிந்தவர்கள் வகுத்த நிர்வாக முறைதான் சேர்ந்த பிறகும் தொடர்ந்தது.

தமிழுக்கு இதில் என்ன நஷ்டம்?

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விலை உண்டு. ஆங்கிலத்துக்கு ஆள் பஞ்சம் இல்லை. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பை ஒருமுறை நகலெடுத்துவிடலாம். அதன்பிறகு இரண்டிலும் புதிது புதிதாக மெனுக்கள் வரும். அதே நாலு பேர் எந்தப் பக்கம் போவது? அவர்கள் போகாத பக்கத்தில் தமிழ் பாதியில் நிற்கும். கிராமத்துப் பிள்ளை திறக்கும்போது பாதி மெனு தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் தெரியும்.

பெற்றோர் பதற வேண்டியதில்லை. ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்ற பெயர்கள் இரண்டிலும் ஒன்றே. ஃபைல் வடிவமும் ஒன்றே. அது 2006-லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. புத்தகத்தில் ஓப்பன் ஆபீஸைப் படித்துவிட்டு லிப்ரே ஆபீஸில் தாராளமாகப் பழகலாம். சில பட்டன்கள் மட்டும் இடம் மாறியிருக்கும்.

பள்ளிக்கோ கடைக்கோ ஓர் இலவச சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? பெயர் யார் கையில் இருக்கிறது? முடிவெடுக்கும் குழுவைத் தேர்ந்தெடுப்பது யார்? அல்வா வாங்கும்போது இன்று கிண்டியதா என்று கேட்கிறோம் அல்லவா, அந்த அளவு விசாரித்தால் போதும்.