தோல் துருத்தியும் சிம்மாசனமும்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஹுமாயூனுக்கு ஒன்றரைப் பக்கம். நல்ல மனுஷர், அபினி தின்பவர், நட்சத்திரம் பார்ப்பவர், அதிர்ஷ்டம் கெட்டவர். 1530-ல் பட்டத்துக்கு வந்தார். 1540-ல் நாட்டை இழந்தார். 15 வருஷம் அலைந்து 1555-ல் டில்லிக்குத் திரும்பினார். மறு ஜனவரியில் மாடிப்படியில் உருண்டு மாண்டார். எல்லாம் தலைவிதி!

தோழர்களே, தலைவிதி என்று எவர் சொன்னாலும் நாம் கணக்கைக் கேட்க வேண்டும்.

1526-ல் பானிபட்டில் வென்ற பாபர், ஆக்ராவின் கஜானாவைப் பிரபுக்களுக்கும் படைக்கும் வாரி இறைத்தார். நான்கு வருஷத்தில் மாண்டார். மகனுக்கு மிஞ்சியது காலிப் பெட்டியும், கொள்ளையில் பழகிய படையும், பங்கு கேட்கும் தம்பிகளும்தான். காம்ரான் காபூலோடு நிற்காமல் பஞ்சாபையும் எடுத்துக்கொண்டார். உழுகிறவனிடம் எவ்வளவு வாங்குவது, யார் வாங்குவது என்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு எதுவுமில்லை.

ஹுமாயூன் செய்த நிர்வாகச் சீர்திருத்தத்தைப் பாருங்கள். நெருப்பு, காற்று, நீர், மண் என்று நான்கு இலாகா! பீரங்கி நெருப்பில். துணிமணியும் சமையலும் காற்றில். சர்பத்தும் வாய்க்காலும் நீரில். விவசாயமும் கட்டடமும் மண்ணில். கிழமைக்கு ஒரு கிரகம், கிரகத்துக்கு ஒரு நிற உடுப்பு. உடுப்பு தினமும் மாறியது. வயல் கிடந்தபடியே கிடந்தது.

எதிரே நின்றவர் ஷேர்கான். சசாராமில் தகப்பனின் ஜாகீரை நிர்வகித்தபோதே, குடியானவன் தர வேண்டியதை எழுத்தில் கொண்டுவந்தவர். நிலத்தைத் தெரிந்தவர். 1538-ல் ஹுமாயூன் வங்காளத்தில், கௌர் நகரில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ஆக்ராவில் இன்னொரு தம்பி ஹிந்தால் தானே ராஜா என்றார். ஷேர்கானோ திரும்பும் வழியை அடைத்தார்.

1539 ஜூனில் சௌசாவில், விடியும் நேரத்தில் அடி விழுந்தது. கங்கையில் படையாட்கள் கும்பல் கும்பலாக மூழ்கினார்கள். அரண்மனைப் பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. பாதுஷாவை மட்டும் ஒரு தண்ணீர்க்காரர், ஊதிய தோல் துருத்தியில் ஏற்றிக் கரை சேர்த்தார். அவர் பெயர் நிஜாம். வாக்குக் கொடுத்தபடி ஆக்ராவில் அவரைச் சிம்மாசனத்தில் ஏற்றினார் ஹுமாயூன். சிலர் அரை நாள் என்கிறார்கள், சிலர் இரண்டு நாள் என்கிறார்கள்.

காம்ரானுக்குப் பொறுக்கவில்லை. வேறு வெகுமதி கொடுத்திருக்கலாமே, சிம்மாசனம் எதற்கு என்று கேட்டார். நாட்டைத் துண்டு போட்டபோது உறுத்தாத மனசு, தோல் துருத்தி சுமந்த முதுகு அதில் சாய்ந்ததும் உறுத்தியது! பாடப்புத்தகமும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கிறது. எனக்கென்னவோ, அந்தப் பத்து வருஷத்தில் ஹுமாயூன் பட்ட கடனைத் தீர்த்த ஒரே இடம் இதுதான் என்று தோன்றுகிறது. அவருடைய அலைச்சலை விவரமாக எழுதி வைத்ததும் ஒரு வேலைக்காரர்தான்: கைகழுவத் தண்ணீர் ஊற்றிய ஜௌஹர்.

1540 மே மாதம் கன்னோசியில் மறுபடி தோல்வி. பிறகு சிந்துப் பாலைவனம், பாரசீகத்து ஷாவின் வாசல். தம்பி காம்ரானின் கண்ணைக் குருடாக்கிய பாவமும் 1553-ல் சேர்ந்தது.

சரி, ஷேர்ஷா ஏழைகளின் ராஜாவா? அப்படியும் சொல்ல முடியாது. சாலை போட்டார், சத்திரம் கட்டினார், வெள்ளி ரூபாய் அடித்தார், உண்மை. குடியானவனுக்குப் பட்டாவும் கொடுத்தார். ஆனால் பட்டாவில் எழுதியிருந்தது விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு சர்க்காருக்கு என்பது. அளக்க வந்தவனுக்கும் வசூலிக்க வந்தவனுக்கும் கூலி தனி. அதுவும் குடியானவன் தலையில். ஜாகீர் நாளிலேயே அடங்காத ஊர்களைப் படை வைத்து நசுக்கியவர் அவர். கொள்ளைக்காரன் ஒரு நாள் வருவான்; கணக்குப்பிள்ளை வருஷா வருஷம் வருவான்.

ஹுமாயூனின் மகன் அக்பர் பின்பற்றியது தகப்பனின் நான்கு இலாகாவை அல்ல, ஷேர்ஷாவின் அளவுக் கயிற்றைத்தான். சணல் கயிறு அது. பனியில் நனைந்தால் சுருங்கும். கயிறு சுருங்கினால் குடியானவனின் நிலம் ஏட்டில் பெருகும், வரியும் கூடும். அந்தக் கயிற்றை விட்டு, இரும்பு வளையம் கோத்த மூங்கில் கழி வந்தது 1570-களில்தான்.