நம்மட ஆக்கள் என்றால் பயமில்லையா?

கெம்பஸ் கிடைத்ததும் இறக்கக்கண்டியில் முதலில் சொல்கிற புத்தி இதுதான்: "நம்மட ஆக்கள் இருக்கிற ரூமாப் பாத்துப் போ, பயமில்ல." இந்தப் புத்தி பிழை.

1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அந்த வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டவரும் தமிழர்தான். அதற்கு முன், 1975இல், அதே பல்கலைக்கழகத்தின் இராமநாதன் விடுதியில், வதைக்குத் தப்ப இரண்டாம் மாடியிலிருந்து குதித்த ரூபா ரத்னசீலி நடமாட முடியாமல் போனார்.

வதைக்கிறது மொழியோ ஊரோ இல்லை, 'சீனியர்' என்கிற அதிகாரம். ரூம் பிடித்துத் தந்தான், நோட்ஸ் தந்தான் என்ற கடனில்தான் அது உள்ளே வருகிறது. ஊர் உறவும் சேர்ந்தால் முறைப்பாடு செய்யவே வாய் வராது: "நம்மட பொடியனைக் காட்டிக் குடுக்கிறதா?"

ஆகவே தம்பி, தங்கச்சி, ரூம்மேட்டை உங்கட பட்ச்சிலேயே தேடுங்க. சிங்களப் பிள்ளை என்றால் இன்னும் நல்லம், மொழியும் பழகும். போர்டிங் காசை வீட்டுக்காரரிடம் நேரே குடுங்க.

1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. கடுங்காயம் ஏற்படுத்தினால் 10 வருடம் வரை. அதில் ஊர்க்காரனுக்கு விலக்கு இல்லை. நாம மட்டும் ஏன் குடுக்கிறோம்?