வகுப்பறையில் வீடியோ விளையாட்டு: வேண்டுமா, வேண்டாமா?

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம். அடுப்படி முதல் ஆகாயம் வரை விஞ்ஞானம் எட்டிப் பார்க்காத இடமே இல்லை எனலாம். அப்படியிருக்க, வகுப்பறை மட்டும் கரும்பலகையோடும் சாக்பீஸோடும் நின்றுவிட முடியுமா? ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் வீடியோ விளையாட்டுகளைக் கொண்டு பாடம் நடத்தலாமா? படமும் ஒலியும் எழுத்தும் கலந்த பல்லூடகச் செயல்திட்டங்களை மாணவியருக்குக் கொடுக்கலாமா? பெற்றோரும் ஆசிரியரும் கூடும் இடங்களில் எல்லாம் இக்கேள்வி எழுகிறது. "வேண்டும்" என்பார் ஒரு சாரார். "படிப்பு பாழாகும்" என்பார் மறு சாரார். அந்த வகுப்புகளைக் கடந்து வந்து பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாங்கள், எங்கள் மனத்தில் பட்டதைச் சொல்ல விரும்புகிறோம்.

விளையாட்டின் வழியே கற்பிப்பது நமக்குப் புதிதன்று. பல்லாங்குழி ஆடிய பாட்டிமார் எண்ணிக்கையையும் கணக்கையும் குழிகளிலேயே கற்றனர். பரமபதப் படத்தில் நல்ல குணம் ஏணியாக ஏற்றிவிடும். தீய குணம் பாம்பாக இறக்கிவிடும். அதை ஆடியதால் பிள்ளைகள் கெட்டார்கள் என்று எவரும் சொன்னதில்லை.

கணிப்பொறி விளையாட்டு வகுப்பறைக்குள் நுழைந்த கதையும் சுவையானது. 1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்தி வந்தார். மாட்டு வண்டிகளில் ஏறத்தாழ 2,000 மைல் கடந்து ஆரிகன் பகுதிக்குக் குடியேறச் சென்ற மக்களைப் பற்றிய பாடம் அது. பில் ஹைனிமன், பால் டில்லென்பெர்கர் என்ற தம் நண்பர் இருவரின் துணையோடு அதை அவர் ஒரு விளையாட்டாக ஆக்கினார். அதுவே 'தி ஆரிகன் டிரெயில்'. அன்று அதற்குத் திரைகூடக் கிடையாது. தொலைவில் இருந்த கணிப்பொறியோடு தொலைபேசிக் கம்பியால் இணைந்த தட்டச்சு இயந்திரம் ஒன்று, கேள்விகளைக் காகிதத்தில் அச்சடித்துத் தள்ளும். உணவுக்கு எவ்வளவு பணம், மாடுகளுக்கு எவ்வளவு, உடைகளுக்கு எவ்வளவு என்று மாணவரே தீர்மானிக்க வேண்டும். கணக்குத் தவறினால் நடுவழியில் பசியும் நோயும் வந்து சேரும். பாடப் புத்தகம் "குடியேறியவர்கள் துன்புற்றனர்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்தப் பிள்ளைகளோ, அத்துன்பம் ஏன் வந்தது என்பதைத் தங்கள் தவறுகளாலேயே அறிந்தனர். 1974-இல் மினசோட்டா மாநிலக் கல்விக் கணிப்பொறி அமைப்பில் ராவிட்ச் அதை மீண்டும் ஏற்றியபோது, குடியேறியவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடத்தில் என்ன இடர் நேரும் என்பதைத் திருத்தி அமைத்தார்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. அந்த விளையாட்டு முழுவதும் வண்டியில் செல்பவரின் கண்ணாலேயே பாதையைக் காட்டியது. அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பூர்வகுடி மக்களின் வேதனை அதில் இடம் பெறவில்லை. அவர்கள் பக்கத்திலிருந்து 2019-இல் 'வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்' என்ற வேறொரு விளையாட்டு வந்தது. பூர்வகுடி எழுத்தாளர் பலர் சேர்ந்து அதற்கு எழுதினர். இதிலிருந்து நாங்கள் உணர்ந்தது என்ன? விளையாட்டைச் செய்தவரின் பார்வைதான் ஆடுபவருக்குக் கிடைக்கிறது. ஆகவே மாணவியர் ஆடினால் மட்டும் போதாது. செய்யவும் கற்க வேண்டும்.

செய்வது என்றவுடன் எங்கள் நெஞ்சு குறுகுறுக்கிறது. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஏழாம் வகுப்பு படிக்கையில், நீரைச் சேமிப்பது பற்றிப் பல்லூடகச் செயல்திட்டம் ஒன்றை வீட்டில் செய்து வரச் சொன்னார்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர். தலைக்கு முப்பது ரூபாய் போட்டு, பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் கொடுத்தோம். மறுநாள் பென் டிரைவில் அருவி கொட்டியது, பின்னணியில் இசை ஒலித்தது, எழுத்துகள் சுழன்று சுழன்று வந்தன. முதல் பரிசும் கிடைத்தது! ஆனால் அடுத்து வந்த குழுவின் படத்திலும் அதே அருவி கொட்டியபோது வகுப்பே சிரித்தது. மிஸ் எங்களை எழுப்பி, "உங்கள் படத்தில் இந்த அம்புக்குறி ஏன் மேல்நோக்கிப் போகிறது?" என்று கேட்டார். ஐவரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அந்தச் சான்றிதழை இன்றும் நாங்கள் யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை.

எட்டாம் வகுப்பில் நிலைமை மாறியது. 'ஸ்கிராட்ச்' என்ற இலவச மென்பொருளைக் கணிப்பொறி அறையில் கற்றுத் தந்தார்கள். சிறுவர் சிறுமியர் தாங்களே விளையாட்டும் கதையும் அமைப்பதற்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்டது அது. நாங்கள் 'பத்துக் குடம்' என்றொரு விளையாட்டைச் செய்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் நீர் வரும். ஐந்து பேர் உள்ள வீடு. இருப்பதோ பத்துக் குடம். சமையல், துவையல், குளியல், செடி என்று பங்கிட வேண்டும்.

ஒரு கணிப்பொறிக்கு மூவர். வீட்டில் கணிப்பொறி உள்ளவளே மவுஸைப் பிடித்துக்கொள்வாள். மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். எங்களில் ஒருத்தி மூன்று வாரம் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே இருந்தாள். இதைக் கவனித்த மிஸ், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்று கட்டளையிட்டார். அவள் முறை வந்தது. அமர்ந்தவள், "இந்த விளையாட்டில் எல்லாரும் ஜெயித்துவிடுகிறார்களே! எங்கள் தெருவில் ஆறு குடம் கிடைத்தாலே பெரிது" என்றாள். பத்தை ஆறாக்கினோம். அப்பொழுதுதான் விளையாட்டு விளையாட்டாயிற்று, பாடமும் பாடமாயிற்று. பாத்திரம் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுவது என்ற யோசனையும் அவளுடையதே. மூன்று வாரமாக அந்த அறிவை நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தவர்கள் நாங்கள்தாம்.

வேண்டாம் என்பவர்களின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, கைபேசியே வகுப்பறையானபோது, பாடம் முடிந்த பின்னும் அதைக் கீழே வைக்க மனமின்றிப் போர்வைக்குள் ஒளித்து ஆடியவர்கள் எங்களிலும் உண்டு. கண் எரிந்தது, தூக்கம் கெட்டது. ஆனால் கடைவிளையாட்டு வேறு, வகுப்பு விளையாட்டு வேறு. முன்னது நம்மை எழவிடாமல் கட்டிப்போடுவதற்கென்றே செய்யப்படுவது. பின்னது மணி அடித்தால் முடிந்துவிடும், முடிந்தபின் "ஏன் தோற்றாய்?" என்று கேட்க ஓர் ஆசிரியை இருப்பார். எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தும் என்றும் நாங்கள் வாதிடவில்லை. செம்பருத்திப் பூவைக் கையால் பிரித்துப் பார்ப்பதற்கு ஈடாக எந்தத் திரையும் வராது.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். வீடியோ விளையாட்டும் பல்லூடகமும் நடுநிலை வகுப்புகளுக்கு வரட்டும். ஆனால் செயல்திட்டம் வீட்டுக்கும் கடைக்கும் போகாமல், பள்ளி நேரத்தில், பள்ளி அறையிலேயே நடக்கட்டும். பளபளப்புக்கு மதிப்பெண் தராமல், கேட்ட கேள்விக்குச் சொல்லும் பதிலுக்குத் தரட்டும். மவுஸ் எல்லாக் கைகளுக்கும் முறை வைத்துப் போகட்டும்.

அன்புத் தங்கைகளே! அடுத்த ஆண்டு கணிப்பொறி அறைக்குள் நுழைகையில், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறாள் என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள். எழுந்து அவளுக்கு இடம் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாத கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கும்.